செண்பகவல்லி மாடி ஏறுகிறாள்

மாடிப்படிக்கு எதிரே கிடந்த இரும்பு நாற்காலியில் உட்கார்ந்த மாத்திரத்தில் செண்பகவல்லிக்குத் தெரிந்துபோயிற்று, இடது கால் இன்றைக்குச் சொன்ன பேச்சு கேட்கப் போவதில்லை. காலையில் கேட்டது. காலையில் வீட்டு வாசலிலிருந்து கார் வரைக்கும் சமர்த்தாகத்தான் வந்தது; அதை நம்பிக் கைத்தடிகூட வேண்டாம் என்று வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தாள். இப்போது பார்த்தால் வேறு யாருடைய காலோ மாதிரி நீட்டிக்கொண்டு கிடக்கிறது. புடவைக் கரைக்குள்ளே கட்டைவிரலை அசைத்துப் பார்த்தாள். அசைந்ததா இல்லையா என்று குனிந்து பார்த்தால்தான் தெரியும், குனிந்தாலோ பிடரியிலிருந்து முதுகுத்தண்டு வழியாகக் கரண்ட் ஒன்று சுரீரென்று இறங்கும். அதனால் குனியவில்லை. அசைந்திருக்கும் என்று வைத்துக்கொண்டாள். லிஃப்ட் ஓடவில்லை. ஓடாது என்று யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை, போன தடவை ஓடியதே என்ற தைரியம். அதன் கதவில் மாற்றுத்திறனாளிகளுக்கு முன்னுரிமை என்று நீல ஸ்டிக்கர், அதற்கு மேலேயே பழுது என்று சாக்பீஸ் எழுத்து. ஸ்டிக்கர் ஒட்டினவன் நல்ல மனசுக்காரனாகத்தான் இருக்க வேண்டும். ஒட்டிவிட்டு அவன் படியேறிப் போயிருப்பான். இணை இயக்குநரின் அறை இரண்டாவது மாடியில். ஜே.டி. ஐயா என்று எல்லாரும் சொல்கிற அவர்தான் இந்த மாவட்டத்து அரசு ஆஸ்பத்திரிகளுக்கெல்லாம் பெரியவர், டாக்டர், பதினோரு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார். அவர் வந்துவிட்டாரா என்று பார்த்து வருவதாகச் சொல்லிக் கணவர் திருமலைக்குமார் இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறிப் போனார். வேண்டுமென்று செய்வதில்லை அவர். கால் இருக்கிறவர்கள் அப்படித்தான் ஏறுவார்கள். இவளும் ஏறியிருப்பாள், எங்கே, எந்த மாடியில் என்று நினைவில்லை, அதையெல்லாம் யார் ஞாபகம் வைத்துக்கொள்கிறார்கள். கடைசியாக ஓடியது எப்போது என்று ஒருநாள் முழுக்க யோசித்துப் பார்த்திருக்கிறாள். பஸ்ஸுக்காகத்தான் இருக்கும். பஸ் கிடைத்ததா என்பதும் ஞாபகமில்லை.

பேச வேண்டியது மனப்பாடமாக இருந்தது, அதை ஒருதடவை உள்ளுக்குள் ஓட்டிப் பார்த்தாள். வணக்கம் சார், நாங்க இந்த மாவட்டத்துல மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயோட இருக்கிறவங்க. ஸ்கிளிரோசிஸ். அங்கேதான் தட்டும். உடம்பில் சூடு ஏறினால் நாக்கு தடித்துக்கொண்டு அந்தச் சொல்லின் நடுவிலேயே உட்கார்ந்துவிடும், கள் குடித்தவள் பேசுகிற மாதிரி இருக்கும். தமிழில் தண்டுவட மரப்பு நோய் என்கிறார்கள். சொன்னால் முதுகுவலியா என்று கேட்டுவிட்டுத் தைலத்தின் பெயர் சொல்லுகிறார்கள். நரம்புக்கு மேலே ஒரு உறை இருக்கும் சார், வயருக்கு மேல ரப்பர் மாதிரி, எங்க உடம்பே அதை எதிரின்னு நெனச்சு அங்கங்க உரிச்சுப் போட்டுருது. இது ஜே.டி.க்குச் சொல்ல வேண்டியதில்லை, அவர் டாக்டர், அவருக்குத் தெரியும். தெரிந்திருக்கும். தெரியாமலும் இருக்கலாம். அவளுக்கே இது இன்னதென்று கண்டுபிடிப்பதற்குள் கழுத்தெலும்பு தேய்மானம் என்றார் ஒருவர், சத்துக்குறைவு என்றார் ஒருவர், வீட்டில் ஏதும் மனக்கஷ்டமா என்று கேட்டார் ஒருவர், மனக்கஷ்டம் அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது. கேட்கப் போவது ஒன்றே ஒன்று. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஏற்றுகிற டிரிப் இருக்கிறது, அதை ஏற்றிக்கொண்டால் நோய் இருந்த இடத்தில் கிடக்கும், மேற்கொண்டு கடிக்காது. சென்னையில் பெரிய ஆஸ்பத்திரியில் இலவசமாகவே போடுகிறார்கள், நன்றாகவும் பார்க்கிறார்கள், குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். ஆனால் அங்கே போய்ச் சேர வேண்டுமே. ராத்திரி முழுக்க ரயில், கூட ஒரு ஆள், அந்த ஆளுக்கு லீவு, பாத்ரூம் பக்கத்தில் கீழ் பெர்த். இந்த மாவட்டத்து ஆஸ்பத்திரியிலேயே அந்த மருந்தை வரவழைத்து ஏற்றினால் என்ன. அடுத்த வருஷத்துக்கு இன்னின்ன மருந்து வேண்டும் என்கிற இன்டென்ட் இந்த வாரம் சென்னைக்குப் போகிறது. அதில் ஜே.டி. சேர்த்தால் உண்டு. சேர்க்காவிட்டால் இன்னும் ஒரு வருஷம் ரயில்தான், ஒரு வருஷம் எஸ்தர் தாங்க மாட்டாள்.

எஸ்தர் கலைச்செல்வியை அவள் நேரில் பார்த்ததே இரண்டு தடவைதான், மற்றதெல்லாம் போனில். இந்த நோய்க்காரர்களாகச் சேர்ந்து வைத்திருக்கிற குழுவில் கடைசியாக வந்து சேர்ந்த பெண். இருபத்தாறு வயது, கைக்குழந்தை, புருஷன் குவைத்தில். கூட வர ஆளில்லாமல் ஒரு தடவை டிரிப்புக்குப் போகவில்லை. போகாட்டியும் நல்லாத்தான்க்கா இருக்கேன் என்றாள், அடுத்த தடவையும் அப்படியே போயிற்று. போன மாதம் ஒருநாள் விடியக்காலையில் போன் வந்தது. முதலில் குழந்தை அழுகிற சத்தம் மட்டும் கேட்டது, அப்புறம்தான் எஸ்தர். "அக்கா, புள்ளயத் தூக்க முடியலக்கா. கை வரல. பக்கத்துல கெடந்து அழுதான், நான் சும்மா பாத்துக்கிட்டே உக்காந்திருக்கேன்" என்றாள். அழாமல் சொன்னாள். செண்பகவல்லிதான் அழுதாள், போனை வைத்துவிட்டு. பக்கத்து வீட்டுக்காரர்கள் நம்பரை வாங்கி, ஆள் அனுப்பி, ஆஸ்பத்திரியில் சேர்த்து, கை கொஞ்சம் திரும்பி வந்தது, முழுக்க வரவில்லை. இந்த நோய் கொண்டுபோவதில் பாதியைத்தான் திருப்பித் தரும், சிலசமயம் அதையும் தராது. அந்த அழுகை மட்டும் எப்போது வேண்டுமானாலும் காதுக்குள் வந்துவிடுகிறது, இப்போதுகூட, இந்த ஆபீஸ் ஃபேனின் கடகடப்புக்குள்ளே அது இருக்கிறது. குழந்தை பெயரைக் கேட்க மறந்துவிட்டாள். இத்தனை தடவை பேசியும் பெயரைக் கேட்கவில்லை, இன்றைக்குச் சாயங்காலம் கேட்க வேண்டும். சாயங்காலம் என்ன சொல்லப் போகிறாள் அவளிடம், லிஃப்ட் ஓடவில்லை, அதனால் திரும்பி வந்துவிட்டேன் என்றா.

ஃபேன் காற்றில் சூடுதான் வந்தது. கழுத்தில் சுற்றியிருந்த துணியைத் தொட்டுப் பார்த்தாள், ஐஸெல்லாம் போய் வெறும் ஈரத்துணியாகக் கிடந்தது. எவ்வளவு செய்தாள் இன்றைக்கு. ராத்திரியே துண்டுகளை நனைத்து ஃப்ரீஸரில் வைத்து, காலையில் எடுத்து ஹாட்பேக்கில் போட்டு மூடி, பச்சைத் தண்ணீரில் குளித்து, காரில் ஏ.சி.யை முழுக்க வைத்து, கழுத்துக்கு ஒன்று, மடியில் ஒன்று. உடம்பு குளிர்ந்திருந்தால் கால் நடக்கும், கண் தெளியும், நாக்கு பிரளாது. வெயில் பட்டால் எல்லாம் கழன்றுபோகும். குழுவில் எல்லாருக்கும் தெரிந்த வித்தை இது. டாக்டரைப் பார்க்கப் போகும்போதும் ஆபீஸருக்கு முன்னால் போய் நிற்கும்போதும் அவரவர் வீட்டு ஃப்ரீஸரைக் காலி செய்துகொண்டுதான் புறப்படுவார்கள். அவளைப் பெண் பார்க்க வந்த அன்றைக்குக்கூட இவ்வளவு ஜோடனை நடந்ததில்லை. புடவை வேறு, நேற்றே எடுத்து வைத்தாயிற்று, அரக்குச் சிவப்பில் செட்டிநாட்டுக் காட்டன், அதற்குச் சரியான பிளவுஸ். சரியானதுதானா என்பதை இடது கண்ணை மூடிக்கொண்டு வலது கண்ணால் பார்த்துத்தான் முடிவு செய்தாள். இடது கண்ணுக்குச் சிவப்பு என்று ஒன்று இல்லை இப்போது, வெளுத்த செங்கல் மாதிரி ஏதோ தெரியும். எல்லாம் அந்தச் சிவப்பில்தானே ஆரம்பித்தது. பஜாரில் அவள் மேட்சிங் சென்டர் வைத்திருந்தாள், பிளவுஸ் துணிக் கடை. புடவையை மடித்தபடியே தூரத்தில் காட்டினால் போதும், நூற்றுக்கணக்கான சிவப்பில் அதற்குரிய சிவப்பைக் கை தானாகப் போய் உருவும், வெளிச்சத்தில் வைத்துப் பார்க்கவே வேண்டாம் என்று வாடிக்கைக்காரர்கள் சொல்லுவார்கள். ஒருநாள் ஒரு கல்யாணக்காரப் பெண் துணியைத் திருப்பிக் கொண்டுவந்து, என்னக்கா இது, அரக்குக் கேட்டா செங்காமட்டையத் தந்திருக்கிய என்றாள். இவள் வாங்கிப் பார்த்தாள். அரக்காகத்தான் இருந்தது. அந்தப் பெண்ணிடம் சண்டைக்கே போனாள். அப்புறம் தற்செயலாக முகத்தைத் துடைக்கையில் ஒரு கண் மூடியபோது துணி நிறம் மாறிற்று. கண்ணை மாற்றி மூடினாள், திரும்பவும் மாறிற்று. ஒரே துணி, இரண்டு சிவப்பு. கடையில் ஆள் நிற்கிறதை மறந்து கண்ணை மாற்றி மாற்றி மூடிக்கொண்டு நின்றாள், பயத்தில் சிரிப்புக்கூட வந்தது. இன்றைக்கும் அதை நினைத்தால் வயிற்றுக்குள் ஏதோ பிடிக்கிறது.

வயிறு இல்லை, அதற்குக் கொஞ்சம் கீழே. பாத்ரூம் எங்கே இருக்கிறது என்று கேட்டிருக்க வேண்டும். காலையிலிருந்து தண்ணீர் குடிக்கவில்லை, இருந்தும் வரும், வரும்போது சொல்லிக்கொண்டு வராது, வந்துவிட்டால் காத்திருக்காது. எந்த ஊருக்குப் போனாலும் கோபுரம் தேடுகிறவர்கள் தேடட்டும், அவள் தேடுவது அதைத்தான். இடுப்பைச் சுற்றி இறுக்கிப் பிடித்தது. ஆரம்ப நாட்களில் பாவாடை நாடாதான் இறுக்குகிறது என்று அவிழ்த்து அவிழ்த்துத் தளர்த்துவாள், முழுக்க அவிழ்த்த பிறகும் இறுக்கிக்கொண்டிருந்தபோதுதான் அது நாடா இல்லை என்று புரிந்தது. செருப்பு நழுவியதும் அந்த மாதிரி ஒருநாள்தான். ஒற்றைச் செருப்போடு பஜார் முழுக்க நடந்து போயிருக்கிறாள், பாதத்துக்குத் தெரியவேயில்லை. திருமலைக்குமார்தான் வழியெல்லாம் தேடிக்கொண்டு போய் ஒரு பூக்கடை வாசலில் கண்டெடுத்து, குனிந்து காலில் மாட்டிவிட்டார். நல்ல மனுஷன். அதுதான் பயமாக இருக்கிறது. கெட்டவராக இருந்தால் என்றைக்காவது போய்விடுவார் என்று தயாராக இருக்கலாம். இவர் போக மாட்டார், இப்படியே குனிந்து குனிந்து, ஒருநாள் மனசுக்குள் அலுத்துப்போவார், அலுத்துப்போனதை வெளியே காட்ட மாட்டார், அவளுக்கு மட்டும் தெரியும். எழும்பூரில் ரயிலை விட்டு இறங்கும்போது அவளைத் தூக்கி இறக்கிவிட்டு, யாரும் பார்க்காதபோது இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாரே. அதை அவள் பார்த்துவிட்டாள். பார்க்காத மாதிரிப் போர்ட்டரைக் கூப்பிட்டாள்.

போன தடவை இதே ஜே.டி.யைப் பார்த்தது நினைவு வந்தது, நினைக்க வேண்டாம் என்று வைத்திருந்ததுதான். அன்றைக்கு எல்லாம் கூடி வந்தது. லிஃப்ட் ஓடியது, ஐஸ் கடைசிவரை நின்றது, சொல் ஒன்று பிசகவில்லை, கதவிலிருந்து நாற்காலிவரை தடியில்லாமல் நடந்து போய் உட்கார்ந்து முழுசாகப் பேசி முடித்தாள். அவர் கேட்டுவிட்டுச் சிரித்த முகமாக, உங்களப் பாத்தா ஒண்ணுமே தெரியலையேம்மா, தைரியமா இருக்கீங்க, சந்தோஷம் என்றார். அதைப் பாராட்டென்று எடுத்துக்கொண்டு வந்தாள் பைத்தியக்காரி. வாட்ஸப் குழுவில் எல்லாரும் கை தட்டுகிற படமாகப் போட்டார்கள். அப்புறம் ஒன்றும் நடக்கவில்லை. அவர் மேல் கோபப்பட்டு என்ன செய்ய, ஒன்றுமே தெரியவில்லை என்று அவர் உண்மையைத்தானே சொன்னார். இந்தத் தடவையும் அவளைத்தான் போகச் சொன்னார்கள் எல்லாரும். அக்கா பாக்க நல்லா இருப்பாவ, நல்லாப் பேசுவாவ. அதில் என்னவோ இடித்தது, அந்தச் சமயம் இன்னதென்று பிடிபடவில்லை, இப்போதும் நினைப்பு அந்த இடத்துக்குப் போய்ப் போய்த் திரும்பி வந்துகொண்டிருந்தது, புடவைத் தலைப்பு ஆணியில் மாட்டிக்கொண்ட மாதிரி.

திருமலைக்குமார் இறங்கி வந்தார், கூடவே பியூன் சங்கரலிங்கம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு. ஐயா ஆஸ்பத்திரி ரவுண்ட்ஸுக்குப் போயிருக்கிறாராம், வருகிற நேரம்தானாம், வந்ததும் உடனே பார்த்துவிட வேண்டுமாம், பன்னிரண்டு மணிக்குக் கலெக்டர் மீட்டிங். அவள் முகத்தைப் பார்த்ததுமே அவருக்குக் காலின் சங்கதி விளங்கிவிட்டது. பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, வேண்டுமானால் தான் போய்ப் பேசட்டுமா என்று மெதுவாகக் கேட்டார். பேசுவார். நன்றாகவே பேசுவார். என் மனைவி ரொம்பக் கஷ்டப்படுறா சார் என்று ஆரம்பித்து ஒரு கட்டத்தில் குரல் உடைந்து நிறுத்துவார், ஜே.டி. தண்ணீர் கொடுப்பார், அவருக்குத்தான் ஆறுதல் சொல்லி அனுப்புவார். வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். அப்படியானால் நாற்காலி. அவரும் சங்கரலிங்கமும் வாட்ச்மேனுமாகப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போய்விடலாம். சங்கரலிங்கத்துக்கு இதெல்லாம் பழக்கம் போலிருந்தது, நாற்காலியை நிமிர்த்திப் போட்டு ஒருமுறை அழுத்தி ஆட்டிப் பார்த்தார். "ஒண்ணும் கூச்சப்படாதிய தாயி. ஊனமுற்றோர் சர்டிபிகேட்டுக்கு வாரவுகள எல்லாம் இப்படித்தான தூக்கிட்டுப் போறோம். கதவுக்கு வெளியவே எறக்கி, வேட்டி சேலயச் சரிபண்ணி, மூச்சு வாங்குறதெல்லாம் அடங்கினப் பொறவுதான் உள்ள விடுவோம். அய்யா முன்னால மருவாதியாப் போவணும்லா" என்றார். அன்பாகத்தான் சொன்னார்.

எழுந்து அந்த நாற்காலிக்கு மாறுவதற்காகக் கையை ஊன்றியவள் எழாமல் அப்படியே இருந்துவிட்டாள். மனசு இதுவரை மாட்டிக்கொண்டு கிடந்த இடம் அதுதான். கதவுக்கு வெளியவே. எல்லாம் கதவுக்கு வெளியிலேயே நடந்து முடிந்துவிடுகிறது. ராத்திரி ரயிலும், எழும்பூரில் அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றதும், ஐஸும், காலை இழுப்பதும், எஸ்தரின் குழந்தை அழுததும் எல்லாம் இந்தப் படிக்குக் கீழேயே நின்றுவிடும். மேலே போவது பொருத்தமான பிளவுஸ் போட்ட, பார்த்தால் ஒன்றும் தெரியாத ஒரு பெண்பிள்ளையும் அவளுடைய பேச்சும். எங்களுக்கு முடியவில்லை என்று சொல்லப் போகிறவர்கள், முடிகிற மாதிரி இருக்கிற ஒருத்தியைப் பொறுக்கி எடுத்து, முடிகிற மாதிரி ஜோடித்து, முடிகிற நேரமாகப் பார்த்து அனுப்புகிறோம். அப்புறம் ஜே.டி.க்கு எப்படித் தெரியும். ஜாதகம் பார்க்கப் போகும்போது பொய்யான பிறந்த நேரத்தைக் கொடுத்துவிட்டுப் பலன் தப்பாக இருக்கிறது என்று அழுத கதை. நல்லா இருக்கு நம்ம கூத்து என்று அவளுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் கலங்கிற்று, இரண்டையும் திருமலைக்குமார் பார்த்துவிட்டுப் பயந்துபோய் என்ன வல்லி என்றார்.

"தூக்க வேண்டாம். நானே ஏறுதேன்" என்றாள்.

"எப்படி ஏறுவ?"

"வீட்டுல மொட்டை மாடிக்கு ஏறுத மாதிரி."

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். வீட்டில் அவள் ஏறுகிற விதம் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். கீழ்ப்படியில் வாசலைப் பார்த்து உட்கார்ந்து, பின்னால் கையை ஊன்றி, நல்ல காலால் உந்தி, பிருஷ்டத்தை ஒரு படி மேலே வைத்து, அப்புறம் கெட்ட காலைக் கையால் தூக்கிப் பக்கத்தில் வைத்து, மறுபடியும். நடை பழகாத குழந்தைகள் ஏறுகிற மாதிரி. சாயங்காலக் காற்றுக்காக அப்படி ஏறுவாள், அந்நேரம் தெருக்கதவு சாத்தியிருக்கும். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "இங்கயா வல்லி. நாலு பேரு பாப்பாவளே" என்றார்.

"பாக்கட்டும்னுதான்."

சொன்னது சுலபமாக இருந்தது. உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது வெட்கம் எத்தனை பெரிய சாமான் என்று. முதல் படியின் குளிர்ச்சி புடவைக்குள் ஏறியதும் காது இரண்டும் சுட்டன. கையை ஊன்றினாள், மணல் நறநறத்தது. உந்தினாள். வந்துவிட்டது. காலை எடுத்து வைத்தாள். திருமலைக்குமார் கைப்பையை மார்போடு பிடித்துக்கொண்டு ஒரு படி கீழே நின்றார், விழுந்தால் பிடிக்கிறதுக்குத் தோதாக. சங்கரலிங்கம் பதறிப்போய், இது என்ன தாயி, அய்யா வந்தா என்னைய வைவாவளே என்று இரண்டு தடவை சொன்னார், அப்புறம் நாற்காலியைச் சுவரோரமாக நகர்த்திப் போட்டார். ஒரு கிளார்க் பெண் ஃபைலோடு இறங்கி வந்தவள் சுவரோடு ஒட்டிக்கொண்டு கடந்து போனாள், இவள் முகத்தைப் பார்க்காமல் புடவையைப் பார்த்தாள். பார், நன்றாகப் பார், நல்ல புடவை, இதை இன்றைக்கே சோப்புப் பவுடரில் ஊறப்போட வேண்டும். மூலையில் வெற்றிலை துப்பின கறை, அது என்ன நிறம் என்று இடது கண்ணுக்குத் தெரியவில்லை, சந்தோஷம். மறுபடியும் உந்தினாள். மூச்சு வாங்கிற்று. பாத்ரூம் வந்துவிடுமோ என்ற பயம் ஒரு பக்கம், வந்தால் வரட்டும், அதையும் பார்க்கட்டும். ஐயையோ வேண்டாம், அது மட்டும் வேண்டாம், சாமி, அது மட்டும் இன்றைக்கு வேண்டாம். அவ்வளவு தைரியசாலி இல்லை அவள். கைகள் நடுங்கத் தொடங்கின. கைமுட்டு மடங்கி ஒருதரம் முதுகு படி விளிம்பில் இடித்தது, திருமலைக்குமார் கையை நீட்டியபடி ஒரு படி மேலே வந்தார், அவள் வேண்டாம் என்று கண்ணால் சொன்னாள். வெட்கம் எந்தப் படியில் கழன்றுபோயிற்று என்று தெரியவில்லை. கோபம் வந்திருந்தது. யார் மேலும் இல்லாத கோபம், நல்ல வேலைக்காரக் கோபம், அது ஒரு படி ஏற்றிவிட்டது.

வாசலைப் பார்த்தே ஏறியதால் ஜீப் வந்து நின்றதை முதலில் பார்த்தது அவள்தான். ஜே.டி. இறங்கி வேகமாக வந்தார், பின்னால் ஃபைல்களோடு ஒரு சூப்பிரெண்டெண்ட். பேசிக்கொண்டே இரண்டு படி தாவி ஏறினவர் நின்றுவிட்டார். படியின் அகலம் முழுக்க அவள் புடவை கிடந்தது. விழுந்துவிட்டாள் என்று நினைத்துப் பதறி, சங்கரலிங்கம், என்னய்யா வேடிக்கை பாக்குற, தூக்கு என்றார்.

"விழல சார். ஏறிக்கிட்டிருக்கேன்" என்றாள் செண்பகவல்லி. நாக்கு தடித்திருந்தது, வார்த்தைகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டு வந்தன, அவள் அதைச் சரிசெய்யவில்லை. "உங்களப் பதினோரு மணிக்குப் பாக்க வேண்டியது நான்தான்."

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். ஞாபகம் வரக் கொஞ்ச நேரம் ஆயிற்று. "போன தடவை வந்தவங்களா? நல்லா நடந்து வந்தீங்களேம்மா" என்றார்.

"நடக்க முடியுற அன்னைக்கு வந்தேன் சார். இது மத்த நாளு."

அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு, சரி, மேல வாங்க, உக்காந்து பேசலாம் என்று சொல்லி, சொன்ன பிறகுதான் மேலே பார்த்தார், படிகள் திரும்பி மேலே போய்க்கொண்டிருந்தன. வாரேன் சார், நீங்களும் என்கூடயே வாங்க, ஏற ஏறப் பேசிருவோம் என்றாள் அவள். வேறு வழியும் இல்லை, அவளைத் தாண்டாமல் மேலே போக முடியாது. அவள் கையை ஊன்றி உந்தினாள், காலை எடுத்து வைத்தாள். அவர் ஒரு படி ஏறி நின்றார். சூப்பிரெண்டெண்ட் நின்றார். மனப்பாடம் செய்ததில் வணக்கம் சாருக்கு மேல் ஒன்றும் ஞாபகம் வரவில்லை, ஸ்கிளிரோசிஸ் என்று ஆரம்பித்தது பாதியிலேயே உட்கார்ந்துவிட்டது. அதை விட்டுவிட்டு எஸ்தரைப் பற்றிச் சொன்னாள். ஒரு படிக்கு ஒரு வாக்கியம்தான் வந்தது, மூச்சு அவ்வளவுதான் கொடுத்தது. கூட வர ஆளில்லாமல் ரயில் ஏறாமல் போனதைச் சொன்னாள். உந்தினாள். ஆறு மாதம் ஒரு வருஷமானதைச் சொன்னாள். காலை எடுத்து வைத்தாள். குழந்தை பக்கத்தில் கிடந்து அழுததையும் அதன் அம்மா பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்ததையும் சொன்னபோது குரல் போயிற்று, ஏறுவதை நிறுத்தினாள். எல்லாரும் நின்றார்கள். ஜே.டி. கைக்கடிகாரத்தைப் பார்க்கவில்லை. அவருடைய பெல்ட் அவள் முகத்துக்கு நேராக இருந்தது, அப்புறம் முழங்கால்கள் மடங்கின. அவள் உட்கார்ந்திருந்த படிக்கு ஒரு படி கீழே, சுவரோரமாக, அவர் உட்கார்ந்துவிட்டார்.

"இன்டென்ட் போயிருச்சாய்யா?" என்று சூப்பிரெண்டெண்டைக் கேட்டார்.

"சாயங்காலம் போகுது சார்."

"நிறுத்தி வைங்க. நான் பாக்கணும்."

அப்புறம் இவள் பக்கம் திரும்பினார். கேட்க வேண்டியதை மனசுக்குள் ஒருதரம் தேடுகிற மாதிரி இருந்தது. "அந்தப் பொண்ணுக்கு அடுத்த டிரிப் எப்பம்மா போடணும்?" என்றார்.

செண்பகவல்லி மூச்சை வாங்கிக்கொண்டாள். இந்த ஒன்றைப் பிசகாமல் சொல்ல வேண்டும்.

"போட்டிருக்கணும் சார்" என்றாள்.